மென்குரல் ஆய்ந்த பெரியார்: ராலே பிரபு சரித்திரம்

பெரியோர் சரித்திரங்களைக் கற்போர் அவர் பெற்ற பட்டங்களையும் பரிசுகளையும் எண்ணி வியந்து நிற்றல் இயல்பு. ஆயினும், அவர் எப்பொருளை எவ்வாறு நோக்கினார் என்பதை அறிந்து நம் நோக்கினையும் அவ்வாறு திருத்திக்கொள்வதே அக்கல்வியின் முடிந்த பயனாகும். அரசரையும் போர்வீரரையும் பற்றிய கதைகள் நம் இல்லங்களில் மலிந்துள. உலகம் சிறிதென்று தள்ளியவற்றைத் தள்ளாது எடுத்து, பொறுமையோடு ஆராய்ந்து, பெரும்பயன் விளைத்தாரைப் பற்றிய கதைகளோ அத்துணை வழங்குவதில்லை. ஆதலின், ஆங்கில நாட்டிற் பிறந்து 1919-ஆம் ஆண்டில் மறைந்த ராலே பிரபு என்னும் பௌதிக நூற் பேரறிஞரின் சரித்திரத்தை இத்திங்கள் நம் அன்பர்க்குக் கூறப் புகுகின்றோம்.

இக்காலத்து விஞ்ஞானியர், மயிரிழையினும் பன்மடங்கு மெல்லிய குழல்களைச் செய்து, அவற்றின் சுவரினுள்ளே ஒளியைச் சுற்றி ஓடச் செய்து, லேசர் என்னும் செறிந்த ஒளியை அவற்றினின்றும் பெறுகின்றனர். அந்நுண்குழல்களின் தத்துவத்திற்கு ஒரு பழைய வேர் உண்டு. அவ்வேர் ஒரு கோயில் மாடத்தில் மக்கள் குசுகுசுத்துப் பேசிய மெல்லிய சொல்லில் உள்ளது. அதனைத் தோண்டிக் காட்டியவர் இப்பெரியாரே. அவ்வரலாற்றை முறையே காண்போம்.

பிறப்பும் கல்வியும்

ஜான் வில்லியம் ஸ்ட்ரட் என்பது இவருக்குப் பெற்றோர் இட்ட பெயர். இவர் 1842-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 12-ஆம் நாள், எஸ்ஸெக்ஸ் மாகாணத்தில் லாங்போர்டு குரோவ் என்னும் மனையிற் பிறந்தார். தந்தையார் இரண்டாம் ராலே பிரபு. அம்மாகாணத்தில் டெர்லிங் என்னும் ஊரை உள்ளிட்ட விரிந்த நிலங்களுக்கு உரியவர். செல்வத்திற் குறைவில்லாத இக்குழந்தைக்கு உடல்நலம் மட்டும் வாய்க்கவில்லை. ஈட்டன், ஹாரோ என்னும் புகழ்பெற்ற பள்ளிகளிற் சேர்க்கப்பட்டும், நோயின் காரணமாக ஈரிடத்தும் நெடுநாள் தங்கிக் கற்க இயலாதவராயினர். தனியாசிரியரிடத்துக் கற்றே இவர் தம் இளமையைக் கழித்தார்.

1861-இல் கேம்பிரிட்ஜ் நகரத்து டிரினிடி கல்லூரியிற் சேர்ந்த பின்னர் இவருடைய அறிவு ஒளி வீசத் தொடங்கிற்று. ரௌத் என்னும் சிறந்த கணித ஆசிரியரிடம் பயின்று, 1865-இல் நடந்த கணிதப் பெரும் பரீட்சையில் மாணவரனைவரினும் முதல்வராகத் தேறினார். மறு ஆண்டில் அக்கல்லூரியின் ஆய்வுறுப்பினர் பதவியும் கிடைத்தது. மூத்த மகன், பட்டத்திற்கும் நிலத்திற்கும் உரியவன், வேட்டையிலும் விருந்திலும் காலங்கழித்தாலும் கேட்பாரில்லை. அத்தகைய நிலையிலிருந்தும் இவர் ஆராய்ச்சியைத் தம் வாழ்க்கையாகக் கொண்டார். பிரபுக்கள் குடும்பத்தில் அது பெருவழக்கன்று என்பது நம் அன்பர் உணரத்தக்கது.

வானமும் நைல் நதியும்

1871-ஆம் ஆண்டில் இவர் எவிலின் பால்பர் என்னும் நங்கையை மணந்தார். இவ்வம்மையாரின் உடன்பிறந்தாரே பிற்காலத்தில் இங்கிலாந்தின் முதலமைச்சராயிருந்த ஆர்தர் பால்பர். அதே ஆண்டிற்றான், வானம் ஏன் நீலமாகத் தோன்றுகின்றது என்னும் கேள்விக்கு இவர் கணித முறையால் விடை கண்டு வெளியிட்டார். ஒளியின் அலைநீளத்தினும் மிகச் சிறிய துகள்களின்மேற் படும் ஒளி எல்லாப் பக்கமும் சிதறும். அலை குறுகக் குறுகச் சிதறல் மிகும். அலைநீளம் பாதியாயின் சிதறல் பதினாறு மடங்காம். ஆகவே குறுகிய அலையுடைய நீலவொளி வானெங்கும் பரவுகின்றது. நெடிய அலையுடைய செவ்வொளி பெரும்பாலும் நேரே செல்கின்றது. அந்தி வானம் சிவப்பதும் இதனாலேயே. பின்னர் 1899-இல், காற்றின் மூலக்கூறுகளே இவ்வாறு ஒளியைச் சிதறப் போதியவை என்று காட்டினார்.

1872-இல் கடுமையான வாதசுரம் இவரைப் பற்றிற்று. உடல் தேறுவதற்காக மனைவியாருடன் எகிப்து தேசஞ் சென்று, நைல் நதியில் ஒரு படகில் வசித்து மேல்நோக்கிப் பயணஞ் செய்தார். நோயாளர் பிறர் ஓய்ந்து கிடக்கும் காலத்தில், நூலகமும் கருவிகளும் இல்லாத அப்படகிலிருந்தே ஒலியைப் பற்றிய தம் பெருநூலை எழுதத் தொடங்கினார். அது 1877, 1878 ஆகிய ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வெளிவந்து, ஒலியியல் கற்பார்க்கு இன்றும் மூலநூலாய் விளங்குகின்றது.

1873-இல் தந்தையார் காலமானமையின் இவர் மூன்றாம் ராலே பிரபு ஆயினர். சில ஆண்டுகள் நிலங்களைத் தாமே மேற்பார்த்தனர். 1876-இல் அப்பொறுப்பைத் தம் இளவலிடம் ஒப்புவித்துவிட்டு, டெர்லிங் மாளிகையிலேயே ஓர் ஆய்வுக்கூடம் வகுத்துக்கொண்டு ஆராய்ச்சியில் முழுதும் ஈடுபட்டார். அக்கூடத்திலிருந்த கருவிகள் விலையுயர்ந்தன அல்ல. எளிய பொருள்களைக் கொண்டு நுட்பமாக அளத்தலே இவர் வழக்கம்.

கேம்பிரிட்ஜ் ஆசிரியர்

மாக்ஸ்வெல் என்னும் பேரறிஞர் 1879-இல் மறைந்தபோது, அவர் வகித்த கேவண்டிஷ் ஆசிரியர் பதவியை இவர் ஏற்று 1884 வரையில் நடத்தினார். அக்காலத்தில் மின்சாரத்தை அளக்கும் அலகுகள் உறுதிப்படாதிருந்தன. மின்தடையை அளக்கும் ஓம் என்னும் அலகிற்கு அறிஞர் கழகத்தார் முன்னர் வகுத்த அளவுகோலில் நூற்றுக்கு ஒன்றிற்குச் சற்று மேற்பட்ட பிழை உளதென்று இவர் கண்டு திருத்தினார். ஆம்பியர், வோல்ட் என்பவற்றையும் அவ்வாறே ஆய்ந்து நிறுவினார். படி பொய்த்தால் அங்காடி முழுதும் பொய்க்கும். அலகு பொய்த்தால் சாத்திரம் முழுதும் பொய்க்கும். இதனை நன்குணர்ந்தமையின், புகழ் தராத அவ்வேலையில் இவர் ஆண்டுகள் பலவற்றைச் செலவிட்டார்.

இவ்வளவைகளில் இவருக்கு உடனிருந்து உதவியவருள் ஒருவர், இவர் மனைவியாரின் தமக்கையாராகிய எலினர் சிட்ஜ்விக் அம்மையார். இருவர் பெயராலும் கட்டுரைகள் வெளிவந்தன. 1882-இல் கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்து வகுப்புகள் ஆடவர்க்குள்ள அதே முறையில் பெண்டிர்க்கும் திறந்துவிடப்பட்டன. அப்பல்கலைக்கழகமோ 1948-ஆம் ஆண்டில்தான் பெண்டிர்க்கு முழு உரிமையுடன் பட்டம் அளிக்க முன்வந்தது என்பதை நோக்கின், ஆய்வுக்கூடத்தின் கதவு எத்துணை முற்படத் திறந்தது என்பது விளங்கும்.

பதினொரு மில்லிகிராம்

இனி, இவருக்கு உலகப்புகழ் தந்த ஆராய்ச்சியைக் கூறுவாம். வாயுக்களின் எடையைத் திட்பமாக அளத்தல் இவர் நெடுங்காலமாக மேற்கொண்டிருந்த முயற்சி. ஒரு கண்ணாடிக் கோளத்தில் நைட்ரஜன் வாயுவை நிரப்பி நிறுத்தார். காற்றிலிருந்து பிராணவாயு முதலியவற்றை நீக்கிப் பெற்ற நைட்ரஜன் 2.3102 கிராம் நின்றது. இரசாயனச் சேர்மங்களிலிருந்து பிரித்துப் பெற்ற நைட்ரஜன் ஏறத்தாழ 2.2990 கிராம் நின்றது. வேறுபாடு சுமார் 11 மில்லிகிராம். இருநூற்றில் ஒரு பங்கு. வேறொருவராயின் கோளத்தையோ தராசையோ குறைகூறி, இரண்டையும் கூட்டிச் சராசரி கண்டு அமைந்திருப்பர். ராலே பிரபு அவ்வாறு அமையவில்லை. ஒரே பொருள் ஈரெடை நிற்றல் இயலாது. ஆகவே இரண்டனுள் ஒன்றில் வேறொரு பொருள் மறைந்திருத்தல் வேண்டும் என்று கருதினார்.

இவ்விடத்து இவர் செய்த செயல் குறிக்கத்தக்கது. 1892-இல் தமக்கு விளங்காத இவ்வேறுபாட்டை ஒரு விஞ்ஞானப் பத்திரிகையில் வெளிப்படையாக எழுதி, காரணம் அறிந்தோர் கூறுமாறு வேண்டினார். பட்டமும் பதவியும் உடையார் தமக்கு விளங்கவில்லை என்று பலர் அறியக் கூறுதல் எளிதன்று. வில்லியம் ராம்சே என்னும் இரசாயன அறிஞர் இதில் ஈடுபட்டு, பழுக்கக் காய்ச்சிய மக்னீசியத்தால் காற்றின் நைட்ரஜனை உறிஞ்சுவித்து எஞ்சியதை ஆய்ந்தார். ராலே பிரபுவோ, கேவண்டிஷ் என்பார் 1785-இல் மின்பொறியால் நடத்திய பழைய சோதனையைப் புதுக்கினார். அச்சோதனையின் முடிவில் உறிஞ்சப்படாத ஒரு சிறு குமிழி எஞ்சியதைக் கேவண்டிஷ் குறித்து வைத்திருந்தார். நூறாண்டுக்கு மேலாக அதனை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. அக்குமிழியே புதிய வாயு! 1894-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஆக்ஸ்போர்டில் கூடிய அறிஞரவையில் இருவரும் இக்கண்டுபிடிப்பை அறிவித்தனர். எதனோடும் எளிதிற் சேராது சோம்பிக் கிடத்தலின் அதற்கு ஆர்கான் என்று பெயரிட்டனர். நாம் விடும் ஒவ்வொரு மூச்சிலும் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு ஆர்கான் உள்ளது. இதன் பொருட்டு 1904-இல் ராலே பிரபுவுக்குப் பௌதிகத்திற்கும் ராம்சேக்கு இரசாயனத்திற்கும் நோபெல் பரிசு வழங்கப்பெற்றன. பரிசுப் பணத்தை ராலே பிரபு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற்கே அளித்துவிட்டார்.

பெயரற்ற கட்டுரைகள் இரண்டு

வாயுவின் எடையில் சிறு வேறுபாட்டைத் தள்ளாத இவர், மக்களிலும் சிறியாரெனப்பட்டாரைத் தள்ளினாரில்லை. இதற்குச் சான்றாக ஒரு நிகழ்ச்சியை விரித்துக் கூறுவோம். இது நம் நாட்டோடும் தொடர்புடையது.

ஜான் ஜேம்ஸ் வாட்டர்ஸ்டன் என்னும் ஸ்காட்லாந்து தேசத்தார் ஒருவர், கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பற்படை மாணவர்க்கு ஆசிரியராகப் பம்பாயில் வேலை பார்த்தார். வகுப்பு ஒழிந்த நேரங்களில் அவர் சிந்தித்து, வாயுவின் அழுத்தமும் வெப்பமும் அதன் நுண்துகள்களின் ஓயாத ஓட்டத்தால் விளைவன என்று நிறுவி, 1845-இல் லண்டன் ராயல் சொஸைட்டிக்கு ஒரு நீண்ட கட்டுரை விடுத்தார். சோதித்த அறிஞர்கள் அதனைப் பயனற்றதென்று ஒதுக்கிவிட்டனர். சங்க விதிப்படி கட்டுரை திருப்பித் தரப்படவும் இல்லை; அவரிடத்திலோ வேறு படியும் இல்லை. பின்னர்ப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் கிளாஸியஸ், மாக்ஸ்வெல் முதலிய பேரறிஞர் அதே வழியிற் சென்று அழியாப் புகழ் பெற்றனர். வாட்டர்ஸ்டன் எடின்பரோவில் தனித்து வாழ்ந்து, 1883-ஆம் ஆண்டில் ஒருநாள் வீட்டைவிட்டுச் சென்றவர் மீண்டிலர்.

ராலே பிரபு ராயல் சொஸைட்டியின் காரியதரிசியாக 1885 முதல் 1896 வரை இருந்தார். பழைய கட்டுரையொன்றிற் கண்ட சிறு குறிப்பைப் பின்பற்றிச் சென்று, சங்கத்தின் ஏட்டறையில் நாற்பத்தைந்து ஆண்டுகளாகத் தூசி படிந்து கிடந்த அவ்வெழுத்துப்படியைத் தேடி எடுத்தார்; படித்தார்; அதன் பெருமையை உணர்ந்தார். 1892-இல் தாம் ஒரு முன்னுரையும் எழுதிச் சேர்த்து, அதனை மறுத்த அதே சங்கத்தின் ஏட்டிலேயே அச்சிடுவித்தார். தம் சங்கத்தின் தவற்றை மறைத்தல் காரியதரிசிக்கு எளிது. இறந்தார் ஒருவர்க்காகக் கேட்பார் எவருமிலர். எனினும் உரியவர்க்கு உரியதைச் சேர்ப்பித்தார்.

மற்றொரு நிகழ்ச்சி இவரைப் பற்றியதே. இவர்தம் மைந்தர் 1924-இல் எழுதிய சரித்திரத்தால் அறியப்படுவது. ஒருமுறை இவர் அறிஞர் சபையொன்றிற்கு அனுப்பிய கட்டுரையில் இவர் பெயர் எப்படியோ விடுபட்டுப் போயிற்று. யாரோ கிறுக்கர் எழுதியதெனக் கொண்டு சபையார் அதனை மறுத்தனர். எழுதியவர் ராலே பிரபு என்று தெரிந்தவுடனே அதனை ஏற்றுக்கொண்டனர். எழுத்து மாறவில்லை, கணக்கு மாறவில்லை, பெயர் ஒன்றே புதிதாகச் சேர்ந்தது. வாட்டர்ஸ்டன் கட்டுரையின் பக்கத்தில் இதனை வைத்துப் பார்க்குங்கால், பெயர் கண்டு எடைபோடும் தராசு எத்துணைப் பொய்த் தராசு என்பது நன்கு புலனாகும்.

மென்குரல் மாடம்

லண்டன் மாநகரில் கிறிஸ்டபர் ரென் என்னும் சிற்பி வகுத்த தூய பவுல் பேராலயத்தின் குவிமாடத்துள், வட்டமான ஒரு மாடம் உள்ளது. அதன் குறுக்களவு சுமார் 110 அடி. அம்மாடத்தில் ஒரு பக்கத்தே நின்று ஒருவர் சுவரை ஒட்டி வாய்க்குள்ளே குசுகுசுத்தால், எதிர்ப்பக்கத்தே சுவரில் காதை வைத்திருப்பார்க்கு அச்சொல் தெளிவாகக் கேட்கும். நடுவில் நிற்பார்க்குக் கேளாது. காண்போர் இதனை ஒரு விளையாட்டாகவே கருதி மகிழ்ந்தனர். வானநூலறிஞர் ஏரி என்பவர், குவிமாடம் ஆடிபோல ஒலியை எதிர்ப்புள்ளியிற் குவிக்கின்றது என்று காரணங் கூறியிருந்தார்.

ராலே பிரபு இதனைக் கூர்ந்து நோக்கினார். குவிதலே காரணமாயின், நேரெதிர்ப் புள்ளியில் மட்டுமன்றோ கேட்டல் வேண்டும்? சுவரையொட்டி எவ்விடத்தும் கேட்கின்றதே! அன்றியும், பேசுவோர் முகம் எப்பக்கம் திரும்பியுள்ளதோ அப்பக்கத்துச் சுவரில் மிகுதியாகக் கேட்கின்றதே! ஆகவே ஒலி குவிமாடத்தில் ஏறிக் குதித்து வரவில்லை. சுவரைத் தழுவி ஊர்ந்து வருகின்றது என்று கண்டு, இக்கருத்தைத் தம் ஒலிநூலிலேயே எழுதினார்.

இது விளங்க ஓர் எளிய உவமை கூறுவோம். நம் வீட்டுப் பெரிய தாம்பாளத்தின் உள்விளிம்பையொட்டி ஒரு கோலிக்குண்டை உருட்டிவிட்டால், அது நடுவிற்கு வாராமல் விளிம்பைப் பற்றியே வட்டமிடும். அவ்வாறே சுவரையொட்டிச் சாய்வாகச் சென்ற ஒலி, சுவரிற் பட்டுச் சிறிது விலகி, மீண்டும் சுவரிற் பட்டு, இவ்வாறு சிறு சிறு நாண்களாக வளைந்து செல்லும். சுவருக்கும் உள்ளே ஒரு வட்டத்திற்கும் இடைப்பட்ட குறுகிய வளையத்தைவிட்டு அகலாது. வெளியிற் பேசிய பேச்சு நாற்புறமும் பரந்து தேய்கின்றது. இவ்வளையத்துட் பேசிய பேச்சோ பரவ இடமின்மையின் தேயாது செல்கின்றது. அலை குறுகியதாயின் வளையமும் குறுகும். உரத்த குரலினும் குசுகுசுப்பில் குறுகிய அலைகள் மிகுதலின், மெல்லிய சொல்லே சுவரை நன்கு பற்றிச் செல்கின்றது.

கருதியதைக் காட்டாமல் விடுதல் இவர் இயல்பன்று. ராயல் இன்ஸ்டிட்யூஷன் என்னும் கழகத்தில் 1904-இல் ஒரு சொற்பொழிவில் இதனை யாவரும் காணச் செய்தார். 12 அடி நீளமும் 2 அடி அகலமும் உள்ள துத்தநாகத் தகட்டை அரைவட்டமாக வளைத்து நிறுத்தி, ஒரு முனையில் மிக நுண்ணிய ஒலி எழுப்பும் ஊதுகருவியையும், மறுமுனையில் அவ்வொலிபடின் நடுங்கும் வாயுச் சுடரையும் வைத்தார். ஊதியவுடன் சுடர் நடுங்கிற்று. தகட்டின் உட்புறத்தை ஒட்டி ஒரு சிறு தடையை வைத்தார், சுடர் அமைதியுற்றது. ஒலி தகட்டை ஒட்டியே வந்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ? பின்னர் 1910-லும் 1914-லும் இதற்குரிய கணிதத்தை முற்றமுடிய வகுத்து வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது அறுபத்தெட்டும் எழுபத்தொன்றும் ஆகும்.

இறுதிக் காலம்

இவர் 1902-இல் முதன்முதல் ஏற்படுத்தப்பட்ட ஆர்டர் ஆப் மெரிட் என்னும் விருதினைப் பெற்றார். 1905 முதல் 1908 வரை ராயல் சொஸைட்டியின் தலைவராயிருந்தார். 1908 முதல் இறுதி வரையில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் வேந்தராயிருந்தார். பூகம்பத்தின்போது நிலத்தின் மேற்பரப்பில் ஊர்ந்து செல்லும் ஒருவகை அலையை இவர் 1885-இலேயே கணித்திருந்தமையின், அது இன்றும் இவர் பெயரால் வழங்குகின்றது. இவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைகள் 446 ஆகும். 1919-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 30-ஆம் நாள் டெர்லிங் மாளிகையில் இவர் இறைவன் திருவடி சேர்ந்தார்.

வித்தும் விளைவும்

நல்லாசிரியன் மறைந்தாலும் அவன் விதைத்தது மறையாது. திருச்சிராப்பள்ளியிற் பிறந்து, சென்னை மாகாணக் கல்லூரியிற் பயின்ற சந்திரசேகர வேங்கடராமன், மாணவராயிருந்தபோதே ராலே பிரபுவின் ஒலிநூலை ஆழ்ந்து கற்றவர். அவர் 1921-இல் இங்கிலாந்து சென்றபோது, தூய பவுல் மாடத்தில் சதர்லாந்து என்பாருடன் சோதனை நடத்தினார். சுவரிலிருந்து உள்நோக்கி வருங்கால் ஒலி ஒரே சீராகக் குறையாமல், மிகுந்தும் குறைந்தும் வருகின்றது என்று கண்டு, ராலே பிரபுவின் கணக்கை மேலும் விரிக்க வேண்டிய இடத்தைக் காட்டினார். பின்னர் விசயபுரத்துக் கோல் கும்பசிலும் ஆராய்ந்தார். கடலின் நீலம் வானத்தின் நிழலே என்று ராலே பிரபு கருதியதும் பொருந்தாதென்று கண்டு, நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்று நிறுவினார். அவ்வழியே சென்று 1928-இல் ராமன் விளைவைக் கண்டு, 1930-இல் நோபெல் பரிசும் பெற்றார். ஆசிரியர் நூலைப் போற்றிக் கற்றலும், பிழை கண்டவிடத்துத் திருத்தலும் ஒருவர்க்கே இயையும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

ஒலிக்கு உரிய இத்தத்துவம் ஒளிக்கும் உரியதாயிற்று. ஒளியும் அலையே, ஆனால் அதன் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்களவே. ஆதலின் ஒளிக்கேற்ற மாடம் மிகச் சிறிதாயிருத்தல் வேண்டும். 1961-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தார், சிறிய படிகக் கோளங்களின் விளிம்பில் ஒளியைச் சுற்றச் செய்து லேசர் பெற்றனர். 1992-இல் அக்கூடத்தாரே குறைகடத்தியாலாகிய நுண்வட்டுகளிலும் அதனைச் சாதித்தனர். குறைகடத்தி என்பது செம்பைப்போல் மின்சாரத்தை நன்கு கடத்துவதுமன்றி, கண்ணாடியைப்போல் முற்றும் தடுப்பதுமன்றி, இடைப்பட்டு நிற்கும் பொருள்.

இவற்றின் பின்னர்த் தோன்றியவையே நுண்குழல்கள். அவற்றைச் செய்யும் முறை வியப்புடையது. காலியம் ஆர்சனைடு என்னும் படிகத்தின்மேல் அலுமினியம் ஆர்சனைடை ஒரு படலமாகப் படியவைப்பர். அதன்மேல் இண்டியம் காலியம் ஆர்சனைடு, அதன்மேல் மீண்டும் காலியம் ஆர்சனைடு என மிக மெல்லிய இரு படலங்களை அமைப்பர். இண்டியம் சேர்ந்த படலத்தில் அணுக்கள் இயல்பாகச் சற்று அகன்று நிற்க விரும்புவன. கீழுள்ள படிகம் அவற்றை நெருக்கி அடக்கி வைத்திருக்கும். அப்பால் ஓர் அமிலத்தை விட்டு அலுமினியம் சேர்ந்த அடிப்படலத்தை மட்டும் கரைத்துவிடுவர். கட்டவிழ்ந்த கீழ்ப்படலம் விரியும். மேற்படலம் விரியாது நிற்கும். உடனே, வெயிலிற் காய்ந்த ஓலை சுருளுதல் போல, இரண்டும் ஒருங்கே மேல்நோக்கிச் சுருண்டு குழலாகும். கைபடாமல் தானே உருவாகும் இச்சுருட்குழலை 2000-ஆம் ஆண்டில் ருஷிய தேசத்து நோவோசிபிர்ஸ்க் நகரத்து அறிஞர் வெளிப்படுத்தினர். மயிரிழையின் பருமன் சுமார் 70 மைக்ரான்; இவ்வகைக் குழல்களின் குறுக்களவோ பலவற்றில் 5 மைக்ரான் அளவினது. சுவரின் தடிப்பு ஒரு மைக்ரானில் ஒரு சிறு பகுதியே.

இச்சுவரினுள் எழும் ஒளி வெளிச்செல்ல மாட்டாது சுவர்வழியே வட்டமிடும். கோயில் மாடத்தில் ஒலி சுவரின் உள்முகத்தைத் தழுவிச் செல்லும். இங்கோ சுவர் மிக மெல்லியதாகலின், சுவரே ஒளிக்கு வாய்க்காலாகின்றது. இவ்வேறுபாடு இருப்பினும் வளைந்த சுவரால் அலையைச் சிறைசெய்தல் இரண்டிற்கும் பொது. கும்மியடிக்கும் மகளிர் வட்டத்தில் ஒருத்தி ஒரு சுற்றுச் சுற்றிப் புறப்பட்ட இடம் சேருங்கால் அடியும் தாளமும் ஒத்து வருதல் வேண்டுமன்றோ? அதுபோல, சுற்றளவில் முழு எண்ணாக அடங்கும் அலைகளே நிலைபெறும். ஏனையவை தம்முள் மோதி அழியும். இவ்வாறு ஒத்த அலையை மட்டும் நிறுத்திக் காக்கும் அமைப்பை ஒத்ததிர்வி என்பர். 2006-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தார் இக்குழல்களில் அத்தகைய நிலைகள் உண்டென்று காட்டினர். சுவரிற் பதித்த நுண்புள்ளிகளைத் தூண்டி எழுப்பிய ஒளி சுற்றிச் சுற்றி வந்து, தன்னோடு ஒத்த ஒளியையே மேன்மேலும் எழுப்புங்கால் லேசர் பிறக்கும். 2009-இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தார் அறையின் இயல்பான வெப்பநிலையிலேயே, வெளியொளியால் தூண்டி, இதனைப் பெற்றனர். 2015-இல் மின்சாரத்தையே நேரே செலுத்திப் பெறும் குழலும் செய்யப்பட்டது. கணிப்பொறிச் சில்லுகளில் செய்தியை ஒளியாற் கொண்டுசெல்லவும், குழலுள் நீர்மத்தைச் செலுத்தி அதிலுள்ள பொருளைக் கண்டறியவும் இவை பயன்படுமென்று அறிஞர் ஆராய்ந்து வருகின்றனர்.

நாம் கொள்ளத்தக்கது

அன்பர்களே! குசுகுசுப்பு, பதினொரு மில்லிகிராம், ஒரு காற்றுக்குமிழி, தூசி படிந்த ஓர் எழுத்துப்படி ஆகிய நான்கும் உலகத்தார் கண்ணில் அற்பமாயின. இந்நான்கினையும் அற்பமென்று கருதாமையே ராலே பிரபுவின் பெருமை. பட்டம் அவருக்குப் பிறப்பால் வந்தது. இக்கண் அவருக்குப் பழக்கத்தால் வந்தது. பிறப்பால் வருவதை நாம் எவர்க்கும் அளித்தல் இயலாது. பழக்கத்தால் வருவதை நம் மக்கள் அனைவர்க்கும் அளிக்கலாம்.

நம் சங்கம் நம் மரபினர் முன்னேறுவதற்காக நிறுவப்பட்டது. ஆண்டுதோறும் ஏழை மாணவர் உதவி வேண்டி விண்ணப்பிக்கின்றனர். அவற்றைப் பார்வையிடும் பெரியோர், இவன் எக்குடும்பத்தான், எவ்வூரான், யார் பரிந்துரைத்தார் என்னும் வினாக்களை முன்வைப்பரேல், பெயரில்லாக் கட்டுரையை மறுத்த சபையாரின் பிழையையே தாமும் செய்தவராவர். விண்ணப்பத்தை முதலிற் படிக்க. பெயரைப் பின்னர்ப் பார்க்க. நம் குலத்தார் அல்லாத பிள்ளை ஒருவன் நம் ஊர்ப் பள்ளியில் நன்கு கற்பானாயின், அவனையும் வாயாரப் போற்றுக. பெண்மக்களைப் பள்ளியினின்றும் நிறுத்த நினைக்கும் தாய்தந்தையர், ஓம் என்னும் அலகைத் திருத்திய வேலையில் ஒரு பெண்மணியின் கையும் கலந்திருந்ததை எண்ணுக.

வகுப்பின் கடைப் பலகையிலிருந்து எழும் மெல்லிய கேள்விக்கு ஆசிரியராகிய நாமும் செவிகொடுத்தல் வேண்டும். பம்பாய்ப் பள்ளி ஆசிரியர் ஒருவரின் குரலைக் கேளாதொழிந்தமையால், அறிவுலகம் ஒரு பேருண்மையைப் பத்தாண்டுக்கு மேல் இழந்திருந்தது. அவர்க்கு வாழ்நாளிற் கிடைத்திருக்க வேண்டிய நன்மதிப்போ ஒருநாளும் கிடைத்திலது. அத்தகைய இழப்பு நம் ஊர்களில், நம் இல்லங்களில் நேராவண்ணம் காப்பது நம் கடன். அக்கடனை நம் சங்கத்தார் தவறாது ஆற்றி வாழ்வாராக.